அடுக்குமாடி வீட்டில் பாட்டுக் கேட்க: கீழ்வீட்டுக்கு அதிர்வு இறங்காமல் தரையைத் தயார் செய்வது எப்படி?

சென்னையில் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. பதினான்குக்குப் பன்னிரண்டு அடி ஹால், விட்ரிஃபைடு டைல்ஸ் தரை, ஆளுயரத்தில் பாதி இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்கள், ஒரு சப்-ஊஃபர் (பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகளுக்கான தனிப் பெட்டி). ஒரு மார்கழி இரவு ஒன்பதரை மணிக்குக் கீழ்வீட்டு மாமி மேலே வந்தார். கோபமாக வரவில்லை. "தம்பி, பாட்டு எனக்கும் பிடிக்கும். ஆனா கீழ பாட்டா வரலை. கட்டில் கால் வழியா என்னமோ துடிக்கிற மாதிரி வருது, தூக்கம் பிடிக்கலை" என்றார்.

அதே ஸ்பீக்கர்கள், அதே சத்தம் சித்திரையிலும் ஆடியிலும் இருந்தன. அப்போதெல்லாம் அவர் ஹாலில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள் மெல்லிய ஒலிகள் மறைந்துவிடும். மார்கழியில் ஃபேன் நின்றது, தெருவும் அடங்கியது, துடிப்பு மட்டும் மிஞ்சியது. ஆகவே உங்கள் வீட்டில் செய்யும் எந்தச் சோதனையையும் கீழ்வீட்டில் ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். இந்த வழிகாட்டியில் முதலில் மனதில் வைக்க வேண்டியது அதுதான்.

மறுநாளே தடிமனான கம்பளமும் அதற்கு அடியில் விரிக்க ஃபோம் ஷீட்டும் வாங்கினேன். ஹாலில் எதிரொலி குறைந்தது, குரல் தெளிவானது. கீழே எந்த மாற்றமும் இல்லை. அதற்குப் பிறகு பல மாதங்கள் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசைப்படுத்துகிறேன். தரையை மூடுவது கடைசி வேலை. முதலில் ஸ்பீக்கரைத் தரையிலிருந்து பிரிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் பணம் போகிறது, புகார் போவதில்லை.

ஒலி எந்த வழியாக இறங்குகிறது

மூன்று வழிகள் உண்டு. ஸ்பீக்கர் அறைக் காற்றை அசைக்கிறது, அந்தக் காற்று தளத்தை அழுத்துகிறது, தளம் கீழ்வீட்டுக் காற்றை அசைக்கிறது. இது ஒரு வழி. ஸ்பீக்கர் பெட்டியின் அதிர்வு அதன் கால்கள் வழியாக நேரே கான்கிரீட்டுக்குள் இறங்குவது இரண்டாவது. திறந்த சன்னல் வழியாக வெளியேறி, கீழ்வீட்டின் திறந்த சன்னல் வழியாக உள்ளே போவது மூன்றாவது. நம் ஊரில் எல்லோருடைய சன்னலும் திறந்தே இருப்பதால் இந்த மூன்றாவது வழி மிகப் பெரியது. தரையைப் பற்றி மட்டுமே யோசிப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

கான்கிரீட் தளம் என்பது லேசான பொருள் இல்லை. ஐந்து அங்குலத் தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 கிலோ இருக்கும். அந்த எடையே குரலையும் வயலினையும் நன்றாகத் தடுத்துவிடும். ஆனால் எடையின் தடுப்பு அதிர்வெண்ணை, அதாவது ஒலி வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை (ஹெர்ட்ஸ்), பொறுத்தது. அதிர்வெண் பாதியானால் தடுப்பு ஏறக்குறைய 6 டெசிபல் குறைகிறது. கணக்குப்படி, மேலே 85 டெசிபலில் ஒலிக்கும் 1000 ஹெர்ட்ஸ் சுரம் கீழே போகும்போது 30 டெசிபலுக்கும் கீழே இறங்கிவிடும். இரவின் சாதாரண அரவத்தில் அது கரைந்துபோகும். 100 ஹெர்ட்ஸில் குறைவது 40 டெசிபல் அளவுதான். மிச்சம் 45. அந்த அதிர்வெண்ணில் காதுக்குக் கேட்கத் தொடங்கும் எல்லை சுமார் 26 டெசிபல் என்பதால் அது நன்றாகவே கேட்கும்.

இதில் ஒரு வியப்பு இருக்கிறது. 40 ஹெர்ட்ஸ் போன்ற அடியாழ பேஸைத் தளம் இன்னும் குறைவாகவே தடுக்கும். ஆனால் அங்கே காதும் மந்தம். கேட்கத் தொடங்கவே 50 டெசிபல் வேண்டும். அதனால் காற்று வழியாக இறங்கித் தொந்தரவு செய்வது பெரும்பாலும் 60 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதிதான்: பேஸ் கிட்டாரின் நடுப்பகுதி, கிக் டிரம்மின் குத்து, தவிலின் அடி. பெட்டியின் கால் வழியாக இறங்குவதோ 40 ஹெர்ட்ஸாக இருந்தாலும் கட்டில், பீரோ, சன்னல் கண்ணாடி எல்லாவற்றையும் நடுங்க வைக்கும். மாமி சொன்ன 'துடிப்பு' அதுதான்.

முதல் படி: கீழே இறங்கிக் கேளுங்கள்

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்களுக்கு வசதியான மாலையில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மேலே வீட்டில் ஒருவர் போனுடன் இருக்கட்டும். நீங்கள் கீழே போய்ப் படுக்கும் இடத்தில் உட்காருங்கள். புகார் சொல்பவரின் காதால் ஒருமுறை கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சோதனை ஒலிகளில் 40, 50, 63, 80, 100, 125 ஹெர்ட்ஸ் ஆறையும் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். வால்யூமை வழக்கமான அளவுக்கும் சற்றுக் கீழே வைத்து, ஒவ்வொன்றையும் இருபது வினாடி ஒலிக்கச் சொல்லுங்கள். நீண்ட ஒற்றைச் சுரத்தை உரத்து வைத்தால் ஸ்பீக்கரின் கம்பிச்சுருளே சூடாகிவிடும், ஜாக்கிரதை. கீழே ஒரு நோட்டில் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுங்கள்: கேட்கவில்லை, லேசாக, தெளிவாக, தொந்தரவாக. அப்புறம் நீங்கள் அடிக்கடி கேட்கும் இரண்டு பாட்டுகளை ஓட விடுங்கள்.

பாட்டு ஓடும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கீழே பாடகரின் சொற்கள் புரிகின்றனவா? புரிந்தால் அது சன்னல் வழியாகவோ கதவிடுக்கு வழியாகவோ வருகிறது. கான்கிரீட் தளம் சொற்களை அவ்வளவு தெளிவாகக் கடத்தாது. தாளம் மட்டும் வந்தால் அது தளத்தின் வழி.

தளத்தின் வழி என்றால், காற்றா காலா என்று பிரிக்க இன்னொரு சோதனை. ஒரு பழைய இலவம்பஞ்சு மெத்தையை நான்காக மடித்து, சப்-ஊஃபரை அதன்மேல் தூக்கி வைத்து அதே சுரங்களை மறுபடி ஒலிக்க விடுங்கள். மதிப்பெண் சட்டென்று இறங்கினால் அதிர்வு கால் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இறங்காவிட்டால் காற்று வழி. எங்கள் வீட்டில் 40, 50 இரண்டும் 3-லிருந்து 1-க்கு இறங்கின. 80-ல் அசைவே இல்லை. அதாவது இரண்டு வேறு நோய்கள், இரண்டு வேறு மருந்துகள்.

போனில் உள்ள டெசிபல் ஆப்பை இதற்கு நம்ப வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை மனிதக் காதுக்கு ஏற்ப அடியதிர்வெண்ணைக் கழித்துக் காட்டும் 'ஏ' அளவுகோலில் இயங்குகின்றன. 50 ஹெர்ட்ஸில் அது 30 டெசிபலைக் கழித்துவிடும். கட்டில் நடுங்கும்போதும் ஆப் அமைதி என்று காட்டும். உள்ளங்கையைத் தரையிலும் சுவரிலும் வைத்துப் பார்ப்பது இதைவிட நேர்மையான கருவி.

இரண்டாம் படி: காசில்லாமல் குறைக்கக்கூடியது

எதையும் வாங்குவதற்கு முன் இருக்கையை ஸ்பீக்கருக்கு அருகில் நகர்த்துங்கள். திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். அறைக்குள் அதைவிடக் குறைவாகக் கூடும், ஆனாலும் வேறுபாடு நன்றாகத் தெரியும். மூன்று மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு வந்தால், அதே அனுபவத்துக்கு வால்யூமைக் குறைத்தே வைக்கலாம். நான் சோஃபாவை விட்டுவிட்டு ஒரு பிரம்பு நாற்காலியைத் தனியாகப் போட்டுக்கொண்டேன். பாட்டின் நுணுக்கங்களும் கூடுதலாகவே கிடைக்கின்றன.

அடுத்தது அறையின் ஒத்ததிர்வு. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சில அதிர்வெண்கள் மட்டும் வீங்கும். ஒலியின் வேகத்தை (வினாடிக்கு 343 மீட்டர்) மீட்டரில் அளந்த அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அது எங்கே என்று தெரியும். பதினான்கு அடி, அதாவது 4.27 மீட்டர் ஹாலில் 40 ஹெர்ட்ஸ். பன்னிரண்டு அடிப் பக்கத்தில் 47. பேஸ் கிட்டாரின் மிகக் கீழ்த் தந்தியும் அதை ஒட்டி 41 ஹெர்ட்ஸ்தான் என்பதால், சில பாட்டுகளில் ஒரு குறிப்பிட்ட சுரம் வந்தால் மட்டும் வீடே முழங்கும். ஆம்ப்ளிஃபயரிலோ பாட்டு ஆப்பிலோ ஈக்வலைசர் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் 6 டெசிபல் குறையுங்கள். உங்களுக்கு பேஸ் தெளிவாகும், கீழே முழக்கம் பாதிக்கு மேல் அடங்கும். இருவருக்கும் ஒரே நேரத்தில் நன்மை தரும் வேலை இது, தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

சப்-ஊஃபரை அறை மூலையில் வைத்தால் பேஸ் கூடும் என்று கடைக்காரர்கள் சொல்வது உண்மை. அதனாலேயே மூலை வேண்டாம். அதே நேரம் அறையின் நட்டநடுவிலும் வேண்டாம். தளம் அதிகம் அசைவது தூண்களுக்கும் பீம்களுக்கும் தொலைவான நடுப்பகுதியில்தான். மூலையிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி, பீம் ஓடும் சுவரை ஒட்டிய இடம் எங்களுக்குச் சரியாக வந்தது.

குறைந்த சத்தத்தில் பேஸ் காணாமல் போவது காதின் இயல்பு. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் இருந்த 'லவுட்னெஸ்' பொத்தான் அதை ஈடுகட்டத்தான். இரவில் அந்தப் பொத்தானை அணைத்து வையுங்கள்.

மூன்றாம் படி: ஸ்பீக்கரைத் தரையிலிருந்து பிரிப்பது

இதுதான் முக்கியமான படி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பல ஸ்பீக்கர்களின் அடியில் கூர்மையான உலோக முனைகள் வரும். அவை அதிர்வைத் தடுக்கும் என்று நினைக்கிறார்கள். அவை பெட்டியைத் தரையோடு இறுக்கிப் பிடிக்கத்தான் இருக்கின்றன. அடுக்குமாடியில் நமக்கு வேண்டியது நேர் எதிரானது: மெத்தென்ற ஒரு ஸ்பிரிங். எடையும் ஸ்பிரிங்கும் சேர்ந்தால் அதற்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. அதைவிட மிக உயரத்தில் இருக்கும் அதிர்வுகள் கீழே இறங்காது. அதன் அருகில் இருப்பவை பெருகியே இறங்கும். இயல்பு அதிர்வெண்ணைப் போல 1.4 மடங்குக்கு மேலேதான் தடுப்பே தொடங்குகிறது.

அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம், ஸ்கேல் போதும். ஸ்பீக்கரை வைத்ததும் அடியில் உள்ள ரப்பரோ ஸ்பிரிங்கோ எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று பாருங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் இயல்பு அதிர்வெண் வந்துவிடும். 4 மி.மீ. அமுங்கினால் 8 ஹெர்ட்ஸ். 1 மி.மீ. என்றால் 16. ரப்பர் அதிர்வின்போது கூடுதல் விறைப்பாக நடந்துகொள்ளும், அதனால் உண்மையில் இந்த எண்கள் சற்று மேலே இருக்கும். 40 ஹெர்ட்ஸைத் தடுக்க 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே இலக்கு வைப்பது நல்லது.

இப்போது ஜிம் தரைக்கு விற்கும் 10 மி.மீ. ரப்பர் ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சப்-ஊஃபரின் முழு அடிப்பாகத்துக்கும் அதை வெட்டி வைத்தால் எடை பரவிவிடும். ரப்பர் அமுங்குவதே தெரியாது. 0.16 மி.மீ. அமுங்குகிறது என்று வைத்தால் இயல்பு அதிர்வெண் 40 ஹெர்ட்ஸ். எதைத் தடுக்க நினைத்தோமோ அதையே அது பெருக்கும். அதே ஷீட்டைச் சிறு துண்டுகளாக வெட்டி, நான்கைந்தாக அடுக்கி, நான்கு மூலைகளில் மட்டும் வைத்தால் ஒவ்வொரு துண்டும் உண்மையில் எடை தாங்கும், அமுங்கும், வேலை செய்யும். பொருள் ஒன்றுதான், பயன்படுத்தும் விதம்தான் வேறு. வாஷிங் மெஷினுக்கு அடியில் வைக்கும் ரப்பர் கால்களும் இப்படித்தான்: பெரும் எடைக்காகச் செய்த கட்டி ரப்பர் அவை, பத்துக் கிலோ ஸ்பீக்கருக்கு அவை கல்லுக்குச் சமம்.

பெட்டி லேசாக இருந்தால் மெத்தென்ற கால் மேல் அது ஆடும், பேஸும் தளர்ந்துவிடும். அதனால் நடுவில் ஒரு கனமான பலகை வேண்டும். இதற்கு நம் ஊரில் கடப்பா கல்லைவிடப் பொருத்தமானது கிடையாது. சமையலறை மேடைக்கு அறுத்த மிச்சத் துண்டுகள் எந்தக் கல் கடையிலும் கிடைக்கும். விளிம்பை மழித்துத் தரச் சொல்லுங்கள். 40-க்கு 45 செ.மீ., 4 செ.மீ. தடிமன் உள்ள துண்டு 19 கிலோவுக்கு மேல் இருக்கும். ஸ்பீக்கர் கல்லின் மேல் உறுதியாக உட்கார வேண்டும். இங்கே மெல்லிய ரப்பர் வட்டுகள் போதும். கல்லுக்கும் தரைக்கும் நடுவில்தான் ஸ்பிரிங்.

அந்த ஸ்பிரிங்காக நான் பயன்படுத்துவது குழந்தைகள் சைக்கிளின் ட்யூப். பன்னிரண்டு அங்குலச் சக்கரத்துக்கான ட்யூபில் அரைகுறையாகக் காற்றடித்து, சப்-ஊஃபர் கல்லின் அடியில் வைத்தேன். கையால் கல்லை அழுத்திவிட்டால் மெதுவாக எழுந்து தாழ வேண்டும். வினாடிக்கு நான்கைந்து முறை ஆடினால் மிக நன்று. காற்று அதிகமானால் விறைத்துவிடும், குறைந்தால் கல் தரையைத் தொட்டுவிடும். ஒரு தபால் அட்டை கல்லுக்கும் தரைக்கும் நடுவே எல்லாப் பக்கமும் தடைபடாமல் போக வேண்டும். வால்வு பக்கவாட்டில் கைக்கு எட்டும்படி இருக்கட்டும். மாதம் ஒருமுறை காற்று பார்க்க வேண்டியிருக்கும்.

உயரமான ஸ்பீக்கர்களுக்கு ட்யூப் கூடாது. அவை சாயும், குழந்தைகள் இழுத்தால் விழும். அவற்றுக்குக் கல்லைப் பெட்டியைவிட அகலமாக எடுத்து, நான்கு கோடிகளிலும் சுருள் ஸ்பிரிங் கால்களோ அடுக்கிய மென் ரப்பர் துண்டுகளோ வைக்கலாம். ரப்பர் தன் உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்குமேல் அமுங்கி, ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் சரியான அளவு. ஸ்பீக்கரின் முன்பக்கம் கனமாக இருக்கும்; அந்தப் பக்கம் ஒரு துண்டு கூடுதலாக வைத்து மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரானிக் டிரம்ஸ் வாசிப்பவர்கள் இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளை வட்டத் துளைகளில் பதித்து மேடை செய்துகொள்கிறார்கள். அதுவும் இதே தத்துவம்தான். பெடல் மிதிக்கும் அதிர்வுக்கு அது நன்றாக உதவும்.

நம் பக்கத்து வீடுகளுக்கென்றே ஓர் எச்சரிக்கை. சுவரில் பதித்த கடப்பா கல் ஷெல்ஃபில் ஸ்பீக்கரை வைக்காதீர்கள். சுவரில் திருகாணி அடித்து மாட்டுவதும் அப்படியே. சுவர் பீமோடும் தளத்தோடும் ஒன்றாகக் கட்டப்பட்டது. அங்கே வைத்த ஸ்பீக்கர் கீழ்வீட்டுச் சுவரையே பேச வைக்கும். வேறு வழியில்லை என்றால் ஸ்பீக்கருக்கு அடியில் மென் ரப்பர் துண்டுகளை அடுக்கிவிட்டு வையுங்கள்.

நான்காம் படி: சன்னலும் இடுக்கும்

ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மற்ற இடம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அதன் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. கதவுக்கு அடியில் அரை அங்குல இடுக்கு, ஏசி குழாய்க்காகப் போட்ட ஓட்டை, சரியாக மூடாத ஸ்லைடிங் சன்னல் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ஏசி குழாய் ஓட்டையை இருபுறமும் சிலிக்கானால் அடையுங்கள். கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். ஸ்லைடிங் சன்னலின் தடத்தில் இருக்கும் ரோமப் பட்டை தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள், அலுமினியக் கடைக்காரர்கள் அரை மணியில் செய்து தருவார்கள். குளியலறை வென்டிலேட்டர் திறக்கும் குழாய்ச் சந்து எல்லா மாடிகளுக்கும் பொதுவானது. ஹாலை ஒட்டிக் குளியலறை இருந்தால் பாட்டு ஓடும்போது அதன் கதவைச் சாத்தி வையுங்கள்.

மே மாதத்தில் சன்னலைச் சாத்தச் சொல்வது கொடுமை. அப்போது ஸ்பீக்கரைச் சன்னலுக்கு முகம் காட்டாமல், உள்சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பதாவது உதவும்.

ஐந்தாம் படி: இப்போது தரை

மேலே சொன்ன நான்கையும் செய்து, மறுபடி கீழே போய்க் கேட்டுவிட்டுத்தான் இங்கே வர வேண்டும். பலருக்கு இங்கே வர வேண்டிய தேவையே இருக்காது.

கம்பளம், பவானி ஜமுக்காளம், கோரைப்பாய், தென்னைநார் விரிப்பு எல்லாம் அறைக்குள் இருக்கும் எதிரொலியைக் குறைக்கும். நாற்காலி இழுக்கும் சத்தத்தையும் நடக்கும் சத்தத்தையும் கீழே போகாமல் தடுக்கும். டைல்ஸ் தரையில் இது பெரிய மாற்றம்தான், விரியுங்கள். பேஸை மட்டும் அவற்றிடம் எதிர்பார்க்காதீர்கள். முட்டை அட்டையும் கூம்பு கூம்பான ஃபோமும் இதே ரகம். அவை ஒலியை உறிஞ்சலாம், தடுக்காது.

அடுத்த கட்டம் மிதக்கும் தரை. டைல்ஸின் மேல் மென்மையான ஒரு அடுக்கு, அதன்மேல் எந்தச் சுவரையும் தொடாத கனமான ஒரு தட்டு. தரையே ஸ்பிரிங் மேல் நிற்கிறது என்று சொல்லலாம். இங்கும் இயல்பு அதிர்வெண் கணக்கு உண்டு: அடிப்பொருளின் டைனமிக் ஸ்டிஃப்னஸ் (அதிரும்போது அது காட்டும் விறைப்பு) எண்ணை மேல்தட்டின் சதுர மீட்டர் எடையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 160-ஆல் பெருக்குங்கள். அந்த எண் தரமான தயாரிப்புகளின் விவரத்தாளில் இருக்கும். இல்லாத பொருளை வாங்காதீர்கள்.

பிளைவுட் 18 மி.மீ. இரண்டு அடுக்கு என்றால் சதுர மீட்டருக்கு 24 கிலோ போல வரும். கெட்டி ரப்பர் ஷீட்டின் எண் 40 என்றால் விடை 200 ஹெர்ட்ஸைத் தாண்டுகிறது. ஸ்பீக்கர் பேஸுக்கு அது எந்த உதவியும் செய்யாது, 200-ஐ ஒட்டிய இடத்தில் கெடுக்கவும் செய்யும். அதற்குப் பதிலாக எண் 10 உள்ள அடர்த்தியான ராக் வூலும் (பாறையிலிருந்து செய்யும் பஞ்சு), பிளைவுட்டோடு சிமென்ட் ஃபைபர் போர்டும் சேர்த்து 48 கிலோ மேல்தட்டும் வைத்தால் 73 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். அப்போது 110 ஹெர்ட்ஸுக்கு மேலே நல்ல பலன் தெரியும். என் மெத்தைச் சோதனையில் அடங்காத 80-க்கு இதுவும் போதாது என்பதைக் கவனியுங்கள். ஈக்வலைசரும் வால்யூமும்தான் அங்கே மருந்து.

செய்வதென்றால் தச்சரிடம் மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பலகைகளை ஒன்றோடொன்று மட்டுமே திருக வேண்டும், ஒரு திருகாணி கூட டைல்ஸுக்குள் இறங்கக் கூடாது. சுற்றிலும் சுவருக்கு 10 மி.மீ. இடைவெளி, அதில் மென் ஃபோம் பட்டை. ஸ்கர்ட்டிங்கைச் சுவரில் மட்டும் ஒட்ட வேண்டும், அது புதுத் தரையைத் தொடக் கூடாது. இந்த இடைவெளியில் ஒரு பிடி சிமென்ட் விழுந்து இறுகினால் போதும், ஸ்பிரிங் செத்துவிடும். வேலை நடக்கும்போது நேரில் இருங்கள். மேல் அடுக்கின் இணைப்புகள் கீழ் அடுக்கின் இணைப்புகள் மேல் வராமல் செங்கல் கட்டுவதுபோல் மாற்றி வர வேண்டும். வாசல் கதவு திறக்கும் உயரத்தை முதலிலேயே அளந்துகொள்ளுங்கள். தரை மூன்று அங்குலம் ஏறும். தண்ணீர் விட்டு வீடு துடைக்கும் பழக்கம் இருந்தால் ராக் வூலை ஈரம் கெடுக்கும், பாலித்தீன் ஷீட்டை விளிம்பில் மேலே மடித்து விடுங்கள். கடலோர ஊர்களில் கரையான் மருந்திட்ட, தண்ணீர் தாங்கும் பிளைவுட்டையே வாங்குங்கள்.

பிளைவுட்டுக்குப் பதில் 50 மி.மீ. சிமென்ட் படுகை போடச் சிலர் யோசனை சொல்வார்கள். ஒலிக்கு அது நல்லதுதான். எடை இரட்டிப்பாவதால் இயல்பு அதிர்வெண் இன்னும் இறங்கும். ஆனால் அது சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டும். நம் குடியிருப்புத் தளங்கள் இந்தியத் தர நிர்ணயம் 875-இன்படி சதுர மீட்டருக்கு 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்குக் கணக்கிடப்படுகின்றன. அதில் பாதியைப் படுகையே தின்றுவிட்டால் பீரோ, ஆட்கள், புத்தக அலமாரிக்கு என்ன மிச்சம்? கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வரைபடம் பார்த்து எழுத்தில் சரி என்று சொல்லாமல் இதைத் தொடாதீர்கள். கொத்தனாரின் வாய்ச்சொல் இதற்குப் போதாது. பழைய கட்டடங்களுக்கு நான் வேண்டவே வேண்டாம் என்பேன்.

வாடகை வீடு என்றால் முழுத் தரையை மறந்துவிட்டு, ஸ்பீக்கர்கள் நிற்கும் சுவர் ஓரமாக மட்டும் நான்கடி அகலத்துக்கு ஒரு மேடை செய்துகொள்ளலாம். வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

ஆறாம் படி: நேரமும் பேச்சும்

ஒலி மாசு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். வீட்டில் உள்ள ஒலிக்கருவியின் சத்தம் வீட்டு எல்லையில் இதைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. இந்த அளவும் 'ஏ' அளவுகோலில்தான் எடுக்கப்படுகிறது என்பதால், விதிக்கு உட்பட்ட பேஸ்கூடக் கீழே தூக்கத்தைக் கெடுக்கும். சட்டத்தைக் காட்டி வாதாட அங்கே எதுவும் இல்லை. பத்து மணிக்குமேல் நான் ஹெட்போனுக்கு மாறிவிடுகிறேன்.

கீழ்வீட்டில் யார் எந்த அறையில் எப்போது படுக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மாமி மதியம் இரண்டு முதல் நான்கு வரை தூங்குவார் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. அதுவரை சனிக்கிழமை மதியங்களில்தான் நான் அதிகம் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் வீடு முதல் மாடியில், கீழே கார் நிறுத்துமிடம் மட்டும் என்றால் தரையைப் பற்றிய கவலையே குறைவு. அப்போது இதே சோதனையைப் பக்கத்து வீட்டிலும் மேல்வீட்டிலும் செய்யுங்கள். பேஸ் தூண் வழியாக ஏறவும் செய்யும்.

ஏழாம் படி: மறுசோதனை

எல்லாம் முடிந்ததும் அதே ஆறு சுரங்கள், அதே வால்யூம், அதே நாற்காலி, அதே நோட்டு. எங்கள் வீட்டில் கடப்பா கல்லும் ட்யூபும் வைத்த பிறகு 40, 50, 63 மூன்றும் 0. இருக்கையை நகர்த்தி, ஈக்வலைசரைச் சரிசெய்த பிறகு 80-ம் 100-ம் 1. முழுத் தரை போடவில்லை, ஜமுக்காளம் மட்டும் விரித்திருக்கிறேன்.

ரப்பர் துண்டுகள் வருடத்தில் கொஞ்சம் தட்டையாகும், ட்யூபில் காற்று இறங்கும், சிலிக்கான் விரிசல் விடும். அதனால் வருடத்துக்கு ஒருமுறை, மார்கழி முதல் வாரத்தில், மாமியிடம் சொல்லிவிட்டு நோட்டோடு கீழே போகிறேன். சென்ற முறை 50 ஹெர்ட்ஸ் மறுபடி 2 ஆகியிருந்தது. மேலே வந்து பார்த்தால் கல்லின் ஒரு மூலைக்கு அடியில் தபால் அட்டை நுழையவில்லை. நாலு பம்ப் காற்றடித்ததும் சரியாகிவிட்டது.